தொட்டியைத் தேய்த்துக் கொண்டுவந்த லாரி அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். நான் வேளச்சேரிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டரில் ஸ்டாஃப் நர்ஸ். மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதி பட்ட பாட்டை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ராத்திரிதான் தெருவுக்குக் கரண்ட் வந்தது. எங்களிடம் வரும் நோயாளிகள் அத்தனை பேரும் நலமாக இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெரிய நன்றி ஒரு தண்ணீர் லாரி டிரைவருக்கு. பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

ஒருவருக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் ஓடினால் மெஷினுக்குள் மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் போகும். ஆர்ஓவில் கழிந்துபோவது தனி. எங்கள் சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. மேல்தொட்டியில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. தெருத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய அந்த ராத்திரிதான் லாரி வந்தது.

ஹோஸை மாட்டப் போனவரிடம், "எங்க பிடிச்ச தண்ணி அண்ணா?" என்று கேட்டேன். "தண்ணி கிடைச்சதே பெருசு, இதுல ஊர், பேர் வேற சொல்லணுமா மேடம்?" என்றார். விடிந்ததிலிருந்து வண்டியிலேயே இருந்த மனுஷன், அவர் எரிச்சலும் நியாயம்தான். எனக்கும் வாதாடத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி வார்டு வாசல்வரை கூட்டிப்போனேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி. அவர் கையிலிருந்து குழாயில் ரத்தம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. "நடுவுல சல்லடை மாதிரி ஒரு சவ்வு அண்ணா. இந்தப் பக்கம் பாட்டி ரத்தம், அந்தப் பக்கம் நீங்க கொண்டுவர்ற தண்ணி" என்றேன். குளோரின் மிஞ்சினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இது கட்டடத்துக்கு அடிச்ச வண்டி சிஸ்டர். இந்த லோடைக் கழுவ கிழுவ வெச்சுக்கங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். டெக்னீஷியன் தம்பி வேறு நம்பர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டான்.

விடியுமுன் வாசலில் ஹாரன். பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டியிருந்தார், இரண்டு முழங்காலிலும் துரு. டேங்குக்குள் இறங்கித் துடைப்பத்தால் தேய்த்து, இரண்டு தடவை அலசி, அதன் பிறகே தண்ணீர் பிடித்திருக்கிறார். எங்கே பிடித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியும் வந்திருந்தார்! கார்பன் ஃபில்ட்டரைத் தாண்டி வந்த தண்ணீரில் நான் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தபோது பக்கத்திலேயே நின்றார். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவில்லை. "அப்போ ஓகேவா சிஸ்டர்?" என்றார்.

வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த வாரம் லாரித் தண்ணீர் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் சம்ப்பைக் கழுவி முடிக்கும்வரை அவர்தான் வந்தார். தண்ணீரின் தரத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெல்லாம் எடுப்பார்கள், பதிவேடு உண்டு, கையெழுத்து உண்டு. அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு பாட்டியைப் பார்த்தார், புரிந்துகொண்டார், தொட்டிக்குள் இறங்கிவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

படகோடு வந்த மீனவ அண்ணன்மார், பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்த கல்லூரிப் பையன்கள், எங்கள் நோயாளிகளில் சிலருக்குத் தங்கள் ஷிஃப்டில் இடம் கொடுத்த பக்கத்து ஏரியா சென்டர், வீட்டுக்கே போகாத எங்கள் ஆயாம்மா, ஈபி ஊழியர்கள், எல்லோருக்கும் நன்றி. நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொன்னதும் முணுமுணுக்காமல் சரி என்ற நோயாளிகளுக்குத் தனி நன்றி. நிவாரணப் பையில் வந்த வாழைப்பழத்தைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, "பொட்டாசியம் இல்லையா சிஸ்டர்?" என்று என்னையே கேட்டவருக்கும்தான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மிஞ்சினால் ஆபத்து.

இனி ஒன்று செய்யப்போகிறேன். ஒவ்வொரு நோயாளி கையிலும் ஒரு தாள் இருக்கும். உலர் எடை (உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை), எந்த டயாலைசர் (அந்தச் சவ்வு இருக்கும் வடிகட்டி), ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ் பி, சி) பரிசோதனை முடிவு, முதல்வர் காப்பீட்டு அட்டை எண், எல்லாம் அதில் இருக்கும். எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும் அங்கிருக்கும் நர்ஸ் அதைப் பார்த்தே மெஷினைப் போட முடியும். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறேன், தொலைத்துவிட்டு வந்தால் திட்டுவேன்.

ஜெனரேட்டருக்கு டீசல் கொடுத்த எதிர்வீட்டு சாருக்கு: உங்கள் இரண்டு கேன்களும் கழுவி, ரிசப்ஷனில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், டீ குடித்துவிட்டுப் போகலாம்.