ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு லினக்ஸ் பூட் ஆகவில்லை: புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
தொழில்நுட்ப ஆதரவுப் பிரிவு

பொருள்: புதிய யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரின் ரன்டைம் சேவைகளால் 11 மடிக்கணினிகள் பழுதானது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய 12 மடிக்கணினிகளில் 11-க்கு, நீங்கள் வெளியிட்ட புதிய யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரை (மதர்போர்டிலேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள்) ஏற்றினோம். அன்று முதல் பழைய கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) உள்ள 7 கணினிகள், எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் பட்டியலைத் தாண்டிய சில வினாடிகளில் கெர்னல் பேனிக் (மீள முடியாத பிழை) காட்டி உறைந்துவிடுகின்றன. புதிய கெர்னல் உள்ள 4 எழுகின்றன. ஆனால் பதிவில் 'ஃபர்ம்வேர் பக்: பேஜ் ஃபால்ட் காஸ்டு பை ஃபர்ம்வேர்' என்ற வரி விழுகிறது; ஃபர்ம்வேர் தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டது என்று பொருள். அதன்பின் கெர்னலே ரன்டைம் சேவைகளை (இயங்குதளம் எழுந்த பிறகும் ஃபர்ம்வேர் தரும் சேவைகள்) முடக்கிவிடுகிறது.

உங்கள் சேவை மையத்தில், "விண்டோஸ் ஓடுதே, லினக்ஸுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். பிறகு ஒன்றுக்கு மதர்போர்டையே மாற்றித் தந்தார்கள். புதிய போர்டிலும் அதே ஃபர்ம்வேர், அதே பேனிக்.

வட்டிலோ லினக்ஸ் நிறுவலிலோ கோளாறு இல்லை. பேனிக் ஆன கணினியின் எஸ்எஸ்டியைக் கழற்றி, ஃபர்ம்வேர் மாற்றாத 12-வது கணினியில் போட்டோம். பூட் பதிவு எஸ்எஸ்டியில் இல்லாமல் போர்டின் என்விரேமில் (மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம்) இருப்பதால், 'பூட்எக்ஸ்64' கோப்பை நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு குறையுமின்றி எழுந்தது.

அடுத்து, கெர்னல் வரியில் 'இஎஃப்ஐ=டீபக்' சேர்த்து நினைவக வரைபடத்தை எடுத்தோம். எழும் 4 கணினிகளிலும் ஃபால்ட் ஆன முகவரி, 'பூட் டேட்டா' (எழும் கட்டத்துக்கு மட்டுமான தரவு) என்று உங்கள் ஃபர்ம்வேரே குறித்த பகுதிக்குள் விழுகிறது. எழும் கட்டத்தை முடித்து வைக்கும் எக்ஸிட் பூட் சர்வீசஸ் அழைப்புக்குப் பிறகு அந்தப் பகுதி இயங்குதளத்துக்குச் சொந்தம். ரன்டைம் குறியீடு அதைத் தொடவே கூடாது. இப்படித் தொடும் ஃபர்ம்வேர்கள் இருப்பதால்தான், ரன்டைம் சேவைகளுக்குப் புதிய முகவரிகளைத் தரும் செட் வர்ச்சுவல் அட்ரஸ் மேப் அழைப்பு முடியும்வரை அந்த நினைவகத்தை எடுக்காமல் விட்டுவைக்கும் ஏற்பாடு 2011-லேயே லினக்ஸில் வந்தது. உங்கள் ஃபர்ம்வேர் அந்தச் சலுகைக் காலமும் முடிந்த பிறகு, ஃபர்ம்வேர் மாறிகளைக் கோப்புகளாகக் காட்டும் எஃபிவார்எஃப்எஸ் மவுன்ட் ஆகி மாறிகளை வரிசையாகப் படிக்கும்போது, பழைய பாயிண்டரை (நினைவக முகவரி) பிடித்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறது. விண்டோஸில் இது வெளியே தெரியவில்லை என்பதால் பிழை இல்லையென்று ஆகிவிடாது.

கெர்னல் வரியில் ரன்டைம் சேவைகளை நிறுத்தும் 'இஎஃப்ஐ=நோரன்டைம்' என்று போட்டால் 12 கணினிகளும் எழும். உங்கள் மின்னஞ்சலிலும் இதையே 'தீர்வு' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் பூட் பதிவுகளை நிர்வகிக்கும் எஃபிபூட்மேனேஜர் 'இஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவில்லை' என்று கைவிரிக்கிறது. கிரப்பால் பூட் பதிவை எழுத முடியவில்லை. மோக்யுட்டில் கருவி வழியாகக் கையொப்பச் சாவி பதிய முடியாததால், செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கும்போது நாங்களே கையொப்பமிட்ட டிரைவர் ஏறுவதில்லை. எல்லாவற்றையும்விட வேடிக்கை, லினக்ஸிலிருந்து ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் கேப்சூல் வழியும் இதே சேவைகளை நம்பித்தான் இருக்கிறது. நாளை நீங்கள் பிழை திருத்தி அனுப்பினாலும் அந்த வழியாக ஏற்ற முடியாது.

ஆகவே திருத்திய ஃபர்ம்வேரை விண்டோஸ் நிறுவியாக மட்டும் தராமல், ஃபேட்32 பென்டிரைவிலிருந்து செட்டப் திரை வழியாக ஏற்றக்கூடிய கோப்பாகவும் தர வேண்டும். அது வரும்வரை பழைய பதிப்புக்குத் திரும்ப அனுமதியுங்கள். இப்போது 'பதிப்பு பழையது' என்று செட்டப் திரை மறுக்கிறது. வெளியிடுமுன், ஃபர்ம்வேரைச் சோதிக்கும் எஃப்டபிள்யுடிஎஸ் தொகுப்பின் 'யுஇஎஃப்ஐ ஆர்டி வேரியபிள்' சோதனையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும். இலவசக் கருவிதான். ஆனால் பயனில் இருக்கும் கணினியில் ஓட்ட வேண்டாம், என்விரேமில் எழுதிப் பார்க்கும் சோதனை அது.

பேனிக் திரையின் படங்கள், 4 கணினிகளின் கெர்னல் பதிவு, இரு பதிப்புகளின் நினைவக வரைபடம், போர்டு மாற்றிய ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளோம். இவற்றை ஃபர்ம்வேர் எழுதும் குழுவிடமே சேர்த்து, 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். தொலைபேசியில் 'ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க' என்ற பதிலை ஏற்க மாட்டோம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பிரிவு