சுடலைக்கு, அந்த ஒற்றைக் கதவைப் பற்றி

வள்ளியூர்

அன்புள்ள சுடலை,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூணு மாசம் ஆயிட்டு. திட்டுறதை நேர்ல வச்சுக்கோ. வீட்ல எல்லாரும் சுகம். உவரி அத்தை சிங்கி இறால் விலையைச் சொல்லி இன்னும் புலம்பிக்கிட்டுதான் இருக்கா.

நீ அனுப்புன இறால் ஃபாக்டரி ப்ளானைப் பார்த்தேன். பச்சை இறாலோட வேகவச்ச இறாலும் ஏற்றுமதி பண்ணப் போறீங்க, சந்தோஷம். ஆனா இறால் உரிக்கிற ஹாலுக்கும் வெந்ததை ஆறவைக்கிற அறைக்கும் ஒரே கதவா? ஏலே, பந்திக்கு இலை போடுற இடத்துலயே எச்சில் இலையைக் குமிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு! பச்சை இறால்ல கிருமி இருந்தாலும் வாங்குறவன் அடுப்புல ஏத்துவான். வெந்ததை அப்படியே சாலட்ல போட்டுத் தின்பான். அதனாலதான் அமெரிக்காக்காரன் வேகவச்ச சரக்குல 25 கிராம் எடுத்துப் பார்த்தா லிஸ்டீரியாங்கிற கிருமி தட்டுப்படவே கூடாதுங்கான்.

உங்க ஆளுங்க இறாலை பெல்ட்டுல ஓடவிட்டு வேகவைக்கிற குக்கரையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. லிஸ்டீரியா சாக நடுச் சதையில 70 டிகிரி, 2 நிமிஷம் வேணும். அதுலயும் ஒரு சூது உண்டு. கூட நேரம் வெந்தா எடை குறையும், எடை குறைஞ்சா முதலாளி முகம் கறுக்கும், மறுநாளே பெல்ட் வேகம் கூடும். ஒரு தடவை வேகப்போற சரக்குல இருக்கிறதுலயே பெரிய இறாலா எடுத்துத் தெர்மாமீட்டரைக் குத்து. உள்ள ஐஸ் விடாத இறால் போனா மேல சிவந்திருக்கும், நடுவுல வெந்திருக்காது. தெர்மாமீட்டரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதே. நொறுக்குன ஐஸும் தண்ணியும் கலந்து அதுல முக்கினா 0 காட்டணும்.

என் பயமெல்லாம் குக்கருக்கு அப்புறம்தான். வெந்த இறால்ல மத்த கிருமியெல்லாம் செத்திருக்கும். புதுசா ஏறுறதுக்குப் போட்டிக்கு ஆளே இல்ல. 57 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள்ள, அங்கேருந்து 4க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ள இறங்கணும்னு கணக்கு. நீ அதுவரைக்கும் காத்துக்கிடக்காதே, ஐஸ் தண்ணியில போட்டா சீக்கிரம் இறங்கிரும். அந்த ஐஸ் எந்தத் தண்ணியில செஞ்சதுன்னு மட்டும் கேளு. கையில புண்ணோட வாற ஆளை அந்தப் பக்கம் விடாதே. புண்ணுலேருந்து ஏறுற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விஷத்தை விட்டுட்டா, மறுபடி கொதிக்கவச்சாலும் போகாது.

லிஸ்டீரியா ஐஸ்பெட்டிக் குளிர்லயும் வளரும். தரையில இருக்கிற வடிகால்தான் அதுக்குத் தாய்வீடு. தண்ணி வெந்த பக்கத்துலேருந்து பச்சைப் பக்கம் ஓடணும். உன் ப்ளான்ல தலைகீழா ஓடுது. வேலை நடக்கும்போது வடிகாலுக்குள்ள ஹோஸைப் பீச்சவே கூடாது. சாரல் எழும்பி மேஜையில உக்காரும். வடிகால் பிரஷை வேற நிறத்துல வாங்கு. கிருமி இருக்கான்னு பார்க்கப் பஞ்சால துடைச்சு ஸ்வாப் எடுக்கிறதைக் காலையில கழுவி முடிச்ச சுத்தத்துல எடுத்து ஃபைல்ல ஒட்டாதே, வேலை தொடங்கி மூணு மணி நேரம் கழிச்சு எடு. ஒளிஞ்சிருக்கிறது அப்பதான் வெளிய வரும்.

குளோரின் கணக்கு கேட்டியே. 10 சதவீத ஹைப்போகுளோரைட்டா இருந்தா, கை முக்க 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு): 100 லிட்டருக்கு 20 மில்லி. தரைக்கு 200 பிபிஎம்: 100 லிட்டருக்கு 200 மில்லி. கேனை வெயில்ல வச்சா வீரியம் போயிரும், கணக்கு பொய்யாயிரும். அதனால குளோரின் அளவு காட்டுற ஸ்ட்ரிப் வச்சுப் பாரு. அழுக்கை வழிச்சு, சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அலசுன பிறகுதான் குளோரின். இறால் சாறு கிடக்கிற தரையில ஊத்துனா அந்தச் சாறே குளோரினைக் குடிச்சிரும்.

வெந்த பக்கத்துக்குத் தனிக் கதவு, தனி கம்பூட்ஸ், தனி நிற ஏப்ரன். திருத்தி அனுப்பு. இல்லேன்னா பெரியமாடன் அண்ணாச்சியைக் கூட்டிக்கிட்டு நானே வாரேன். அவர் வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

உன்,
கணேசன்

பி.கு.: ஆறவைக்கிற அறையில ஏசியிலேருந்து சொட்டுற தண்ணி எங்க விழுதுன்னு ப்ளான்ல போடல. மேஜைக்கு மேலயா?