ஒரே கிணறு, ஐந்து கம்பெனி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடலிலும் கரையிலுமாக 22 வருஷம் ரிக்கில், அதாவது துளை போடும் மேடையில், மட் லாகராக இருந்தவன் நான். கிணற்றிலிருந்து வரும் சேற்றையும் அழுத்தம் போன்ற எண்களையும் கவனித்துக் குறித்து வைப்பது என் வேலை. இயந்திரங்களைப் பற்றிக் கட்டுரை நன்றாகவே சொன்னது. ஆனால் ரிக்கில் எது யாருடையது என்பதைத் தொடவில்லை. சிக்கலே அங்கேதான்.

கிணறு எண்ணெய் நிறுவனத்துடையது. ரிக் வாடகைக்கு வந்தது. கிணற்றுக்குள் சுற்றிவிடும் மட் என்ற சேற்றுக் கலவை ஒருவர் பொறுப்பு, சிமென்ட் இன்னொருவர், துளையைச் சாய்த்து ஓட்டுபவர் வேறொருவர். ஆளுக்கொரு சென்சார், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நான் இருந்த ஒரு ரிக்கில் எங்கள் கேபின் கடிகாரத்துக்கும், துளை இயந்திரத்தை ஓட்டும் டிரில்லரின் அறைக் கடிகாரத்துக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம். ஆழத்திலும் ஒரு மீட்டர் இடிக்கும். ராத்திரி ஷிஃப்டில் ஃபோனை எடுத்து, "அண்ணே, உங்க ஸ்கிரீன்ல எவ்வளவு காட்டுது?" என்று டிரில்லரிடம் கேட்டுவிட்டுத்தான் நோட்டில் எழுதுவேன். எனக்குக் கேட்க வாய் இருந்தது. தானியங்கி எந்த எண்ணை நம்பும்?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துடையது, ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது, சிமென்ட் போட்டது ஹாலிபர்ட்டன். அன்று சாயங்காலம் செய்த அழுத்தச் சோதனையில் துளை போடும் டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), அதே கிணற்றோடு இணைந்த கில் லைன் என்ற பக்கக் குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒத்துப்போகாதபோதும் கிணறு அடங்கிவிட்டது என்று முடிவெடுத்தார்கள். ராத்திரி 9 மணிக்குப் பிறகு பம்ப் ஒரே வேகத்தில் ஓடியும் டிரில் பைப் அழுத்தம் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. கிணறு உள்ளிருந்து தள்ளுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். எண் திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் பிடிக்கவில்லை. 9.49-க்கு வெடித்தது. இந்த மாதிரி மாற்றத்தைக் கண்டதும் தானாகக் கூப்பிடும் அலாரம் ஏன் இருக்கக்கூடாது என்று ஜனாதிபதி ஒபாமா அமைத்த விசாரணைக் குழுவே 2011-இல் கேட்டது. நானும் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவன். அந்த அறிக்கையின் அழுத்த வரைபடத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தானியங்கி வேண்டும் என்றே சொல்கிறேன். பைப்பை இறுக்கும் டாங்ஸ் என்ற பெரிய இடுக்கியில் கை மாட்டி இரண்டு விரல் போன பையனை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டவன் நான். பைப்பை இறுக்க இயந்திரம் வந்த ரிக்குகளில் அந்த இடத்தில் ஆள் நிற்கவே வேண்டியதில்லை.

ஆனால் பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ரிக்குக்குப் பெரும்பாலும் நாள் வாடகை. 30 நாள் வேலை 20 நாளில் முடிந்தால் லாபம் கிணற்றுக்காரருக்கு. ரிக்காரருக்குப் பத்து நாள் வாடகை நஷ்டம். அவர் எதற்காகத் தன் கன்ட்ரோலை இன்னொருவர் சாஃப்ட்வேருக்குத் திறந்துவிடுவார்? சாஃப்ட்வேர் சொன்னபடி ஓட்டி பைப் உடைந்தால் யார் தலையில் விழும்? தகவலைப் பரிமாற விட்ஸ்எம்எல் என்ற பொதுமொழியை 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிபியும் நார்வேயின் ஸ்டாட்டாயில் எண்ணெய் நிறுவனமும் சேவை நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கின. போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தகவலைப் படிக்கக் கொடுப்பது வேறு, பிரேக்கில் கை வைக்க விடுவது வேறு.

ஆகவே எண்ணெய் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள்: டெண்டர் எழுதும்போதே எல்லாருக்கும் ஒரே கடிகாரம், சென்சாரைச் சரிபார்த்த தேதி எல்லார் கண்ணிலும் படுவது, சீக்கிரம் முடித்தால் ரிக்காரருக்கும் பங்கு, தவறினால் பொறுப்பு யாருக்கு என்பது, இந்த நாலையும் எழுத்தில் போடுங்கள். எழுதும் அறையில் ஒரு டிரில்லரையும் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மட் லாகர்,
காரைக்கால்