செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பிறந்த தேதியைத் தேடிய ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் பற்றி நாம் எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

ஆனால் சங்கத்தின் நேரத்தை இந்த ஆண்டு அதிகம் எடுத்துக்கொண்டது வேறு ஒரு வேலை: பிறப்புப் பதிவு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னை முத்தியால்பேட்டையில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், தன் பாட்டியின் பிறப்புப் பதிவு நகல் வேண்டும் என்று வந்தார். பாட்டி பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. "எம்டன் குண்டு போட்டு ஊரே ஓடினபோது, நிறைமாசமா இருந்ததால எங்கம்மா மட்டும் ஓடல" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருப்பாராம். அது போதுமே! ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. அந்த வாரத்துப் பதிவுகளைத் தேடச் சொன்னோம். அலைச்சல் கொஞ்சமில்லை. பக்கம் பொடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று ஓர் அலுவலகத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் நகல் கிடைத்தது. செப்டம்பர் 25. அப்பா பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, 'பெண்' என்று இருக்கிறது. குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி.

ஜாதகத்தில் ஆனந்த வருடம், புரட்டாசி, வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. பதிவேட்டுத் தேதியோ வெள்ளிக்கிழமை. வேறு யாருடைய குழந்தையோ என்று குடும்பமே சோர்ந்துவிட்டது. அப்போது கூட்டத்தில் இருந்த பஞ்சாங்கம் தெரிந்த பெரியவர் ஒருவர், பிறந்த நேரம் விடியற்காலை நான்கு மணி என்று ஜாதகத்தில் இருப்பதைக் காட்டினார். நமக்கு நாள் தொடங்குவது சூரியன் உதிக்கும்போது. கார்ப்பரேஷன் குமாஸ்தாவுக்கு நள்ளிரவில். இரண்டும் சரிதான், ஒரே குழந்தைதான். அந்த உறுப்பினர் அங்கேயே கண்கலங்கிவிட்டார். இந்த ஆண்டு நான் மறக்க முடியாத நிமிடம் அது.

பெயர்க் கட்டம் காலியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிறந்த சில நாளில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். பெயர் வைப்பது அதற்கப்புறம். வைத்த பெயரைச் சொல்ல மறுபடியும் யார் போவார்கள்? வெள்ளைக்கார அரசாங்கமும் அந்தப் பெயரைத் தேடவில்லை. இந்த ஆண்டு வாசிப்புக் கூட்டங்களில் எங்களுக்குப் புலப்பட்ட பெரிய விஷயம் இதுதான்: இந்த நகரத்தின் பிறப்புப் பதிவு ஆளுக்கு அடையாளம் கொடுக்க வந்ததில்லை, சாவைக் கணக்குப் பார்க்க வந்தது.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680-லிருந்து ஏடுகள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி நடந்த, பின்னாளில் கோட்டையின் கவர்னரான எலிஹு யேலின் திருமணம்தான் திருமண ஏட்டில் முதல் பதிவு. ஆனால் அவற்றில் இருப்பது ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் பிறந்த நம்மவர்களுக்கு அதில் இடமில்லை. இந்தியாவிலிருந்த படையின் சுகாதாரத்தை விசாரிக்க 1859-இல் அமைத்த ராயல் கமிஷன், படைவீரர்கள் சண்டையைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும்தான் அதிகம் சாகிறார்கள் என்று காட்டிய பிறகுதான், 1864-இல் சென்னை மாகாணத்துக்குச் சுகாதாரக் கமிஷன் வந்தது. எந்தத் தெருவில் காலரா, எந்த மாதம் அம்மை என்று அறிய சாவுக் கணக்கு வேண்டியிருந்தது. பிறப்பு அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

அதனால் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ கொண்டுபோகாமல் ஒரு சாவு முடியாது, அங்கே எழுதிக்கொள்ள ஆள் இருந்தார். பிறப்பு வீட்டுக்குள் நடந்தது. வீட்டுப் பெரியவரோ மருத்துவச்சியோ போய்ச் சொன்னால்தான் உண்டு. இது கணக்கை என்ன செய்யும் என்பதை நம் இளைஞர் குழு கரும்பலகையில் எழுதிக் காட்டியது. ஆயிரம் குழந்தை பிறந்து, ஒரு வயதுக்குள் 250 இறந்தன என்று வைத்துக்கொள்வோம். இறப்பு அத்தனையும் பதிவாகிறது, பிறப்பில் 200 விடுபடுகிறது. அப்போது 800-க்கு 250, அதாவது ஆயிரத்துக்கு 312 என்று அறிக்கை சொல்லும். நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னையில் கால்வாசிக் குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்று பழைய அறிக்கைகளில் படிக்கும்போது, இந்த ஓட்டையையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்காக நிலைமை நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. ஓட்டையை அடைத்தாலும் அந்த எண் நெஞ்சைப் பிசையத்தான் செய்யும்.

இன்னொரு ஓட்டையை நம் மகளிர் அணியினர் ஒரு நொடியில் பிடித்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பவழக்காரத் தெருவில் குடித்தனம் நடத்துகிறவள் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து செங்கல்பட்டுக்கோ கும்பகோணத்துக்கோ போய்விடுவாள். குழந்தை அந்த ஊர்க் கணக்கில் ஏறும். நேர்மாறாக, 1844-இல் தொடங்கி பிறகு எழும்பூருக்கு மாறிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெளியூர்ப் பெண்களும் வந்தார்கள், அந்தக் குழந்தைகள் சென்னைக் கணக்கில் ஏறின. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி ஊர் காலியானதே, அந்த ஆண்டுக் குழந்தைகளை ரிப்பன் மாளிகையில் தேடிப் பயனில்லை. 1942-இல் பிறந்தவர்கள் நம் சங்கத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரின் பதிவும் மூன்று வேறு மாவட்டங்களில்.

தலைக் கணக்குக்கு வருகிறேன். பழைய தமிழில் குடிமதிப்பு என்பார்கள். 1871 கணக்கில் சென்னை நகரத்தில் 3,97,552 பேர். பத்தாண்டு கழித்து 1881-இல் 4,05,848. நடுவில் தாது வருஷப் பஞ்சம் (1876–78) கிடக்கிறது. மாகாணத்தின் மொத்த மக்கள்தொகை அந்தப் பத்தாண்டில் குறைந்தது, நகரம் மட்டும் கொஞ்சம் ஏறியது. பிறப்பால் ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. கஞ்சி கிடைக்கும் என்று நடந்தே வந்தவர்கள் எத்தனையோ பேர். நகரத்துக்குள் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டியது அப்படி வந்தவர்களுக்குக் கொடுத்த நிவாரண வேலையில்தான். 1901-இல் 5,09,346, 1921-இல் 5,26,911. இருபது வருஷத்தில் பதினேழாயிரத்துச் சொச்சம்தான் கூடியது. நடுவில் 1918 விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) வந்து போயிருந்தது. அடுத்த இருபது வருஷத்தில் இரண்டரை லட்சம் கூடி 1941-இல் 7,77,481 ஆனது.

1881 தொடங்கி 1931 வரை கணக்கு ஒரே இரவில் எடுக்கப்பட்டது. கதவில் எண் எழுதிவிட்டுப் போவார்கள், குறித்த இரவில் யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே எண்ணப்படுவார். துறைமுக ஊர் என்பதால் கப்பலில் இருந்தவர்களும், ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போகக் காத்திருந்தவர்களும் அன்றைக்குச் சென்னைவாசிகள். வயது கேட்டால் "முப்பது இருக்கும், நாப்பது இருக்கும்" என்பார்கள், அதனால் பழைய வயதுப் பட்டியல்களில் முப்பதும் நாற்பதும் குன்றுபோல நிற்கும், முப்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் பள்ளமாகக் கிடக்கும்.

சரி, இன்றைய வேலைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை உதவி மேசை ஆண்டு முழுவதும் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது, சான்றிதழில் பெயர் இல்லையே என்பதுதான். 1914-இன் காலிக் கட்டம் இன்னும் காலியாகவே வந்துகொண்டிருக்கிறது. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளில் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். ஓராண்டு கழித்துப் பிறப்பையே பதிவதென்றால் கோட்டாட்சியர் போன்ற அதிகாரியின் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அதாவது 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டுரிமை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அதனால் பேரன் பேத்தி பிறந்த வீடுகளில் பெயர் வைத்த கையோடு பதிவிலும் ஏற்றிவிடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டுப் படியேறியும் சொல்லி வந்தோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, 2011-க்குப் பிறகு நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் நடக்க இருக்கிறது. நம் தெருக்களில் தனியாக இருக்கும் முதியவர்கள், மேன்ஷன்களிலும் கிடங்குகளிலும் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் யாரும் விடுபடாமல் கணக்கெடுக்க வருகிறவருக்கு வழிகாட்ட, தெருவுக்கு இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இரண்டு, வீட்டில் பழைய ஜாதகம், பதிவு நகல், ஞானஸ்நானச் சீட்டு, அம்மை குத்திய சீட்டு எது இருந்தாலும் உதவி மேசைக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் அந்தச் சூட்டில் பாழாகும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்