ஆத்தேயின் 41 மாதம்

தாவோ, பிலிப்பைன்ஸ்,
21.9.2025

அன்புள்ள கோமதி,

பங்குனியில் வந்த உன் கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதைப் போனில் திட்டிவிடு, எழுத்தில் வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பேத்தி படம் பார்த்தேன். மூக்கு அச்சு அசல் உன் மாமியார் மூக்கு. கவலைப்படாதே, வளர வளர மாறும். ஜெயா வீட்டுப் பத்திரப்பதிவு முடிந்ததா? மஞ்சப்பை சார் போய்விட்டார் என்று அவள்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அவர் வீட்டுக்கு நீ போனால் என் சார்பிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா.

எழுத வந்த விஷயம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஆத்தே பற்றியது. இந்த ஊரில் அக்காவை ஆத்தே என்பார்கள். வந்த முதல் நாள் நான் வாய் தவறி ஆத்தா என்று கூப்பிட்டுவிட்டேன், அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் நம்ம ஊர் மெடிக்கல் காலேஜ் பிள்ளைகளுக்கு இப்போது அவள்தான் சாம்பார் வைக்கிறாள். புளி மட்டும் நான் கரைத்துக் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் கடயாவான் திருவிழா வாரத்தில் அவளுக்குப் பித்தப்பைக் கல் என்று ஆபரேஷன் ஆயிற்று. இருபத்தொரு நாள் வேலை செய்யக்கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் ஆத்தேயிடம், "மே ஹுலோக் கா பா?" என்று கேட்டாள். ஹுலோக் என்றால் உள்ளே போடுவது, விழச் செய்வது. எஸ்.எஸ்.எஸ். என்கிற சமூகப் பாதுகாப்பு நிதியில் கட்டும் மாதச் சந்தாவுக்கு இங்கே ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். உண்டியலில் காசு விழுகிற மாதிரி கேட்கிறது இல்லையா? இருக்கிறதே, பன்னிரண்டு வருஷமாகப் பிடித்திருக்கிறார்களே என்றாள் ஆத்தே. அவள் அக்கா மகன் அங்கேயே செல்போனில் அவள் கணக்கைத் திறந்தான். வருஷம் வாரியாக, மாதம் வாரியாகக் கட்டம் போட்ட பட்டியல். முதல் மூன்று நான்கு வருஷத்தில் எண்கள் இருந்தன. அதற்குப் பிறகு கட்டம் கட்டமாகப் பூஜ்யம். பணம் விழுந்தது மொத்தம் 41 மாதம்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் பன்னிரண்டு வருஷம் ஒரு கரிந்தேரியாவில் சமையல் வேலை செய்தாள். கரிந்தேரியா என்றால், சட்டிகளை வரிசையாக முன்னால் வைத்து மூடியைத் திறந்து காட்டி விற்பார்களே, அந்த மாதிரிச் சாப்பாட்டுக் கடை. சம்பளத்தன்று சின்னச் சீட்டில் இவ்வளவு சம்பளம், இவ்வளவு கல்தாஸ் என்று எழுதித் தருவார்களாம். கல்தாஸ் என்றால் பிடித்தம். 144 மாதமும் கல்தாஸ் நடந்திருக்கிறது. ஹுலோக் விழுந்தது 41 மாதம். மிச்சம் 103 மாதக் காசு யாருடைய அடுப்பில் எரிந்ததோ தெரியவில்லை. சீட்டில் எழுதியிருந்ததால் அது போய்ச் சேர்ந்தது என்றே அவள் நம்பியிருக்கிறாள். கோமதி, நீ மில் ஆபீசில் இருபத்தாறு வருஷம் பி.எஃப். கணக்கு எழுதியவள். பிடிப்பதும் கட்டுவதும் இரண்டு வேறு காரியம் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அது அன்றைக்குத்தான் மண்டையில் இறங்கியது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பட்டியலின் கடைசிப் பதின்மூன்று கட்டங்களும் பூஜ்யம்தான். அவை என் பூஜ்யங்கள். 2024 ஜூலையிலிருந்து அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். மாதம் 8,000 பேசோ கொடுக்கிறேன், சாப்பாடு போடுகிறேன், தீபாவளிக்குத் துணி எடுக்கிறேன், நல்லபடியாக வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. வீட்டு வேலைக்கு எதற்குச் சந்தா என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு வேலை செய்கிறவர்களை இங்கே கசம்பஹாய் என்பார்கள், வீட்டில் கூட இருப்பவர் என்று அர்த்தம். அவர்களுக்கென்றே 2013 ஜனவரியில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒரு மாதம் வேலை செய்துவிட்டாலே எஸ்.எஸ்.எஸ்., மருத்துவக் காப்பீட்டுக்குப் பில்ஹெல்த், வீட்டுக்கடன் சேமிப்புக்குப் பாகிபிக் என்று மூன்றிலும் சேர்த்தாக வேண்டும். சம்பளம் 5,000 பேசோவுக்குக் கீழே என்றால் முழுச் சந்தாவும் வீட்டுக்காரர் தலையில். அதற்கு மேலே போனால் ஆளுக்கு ஒரு பங்கு. அவளுக்குப் புரிகிற மொழியில் எழுத்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேலைக்கே வைக்க வேண்டும். இத்தனையும் அவள் கட்டிலில் படுத்திருந்த அந்த வாரம்தான் எனக்குத் தெரியும்.

எஸ்.எஸ்.எஸ். கணக்கு இப்படி. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தாவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே வந்து இந்த ஜனவரியிலிருந்து 15 சதவீதம் ஆக்கியிருக்கிறார்கள். முதலாளி 10, தொழிலாளி 5. நிஜச் சம்பளத்தை அப்படியே எடுப்பதில்லை, 5,000 முதல் 35,000 வரை படி படியாக வைத்திருக்கிறார்கள், சம்பளம் எந்தப் படியில் விழுகிறதோ அதற்குத்தான் சதவீதம். ஆத்தேக்கு 8,000. மாதம் 1,200 சந்தாவில் என் பங்கு 800, அவள் பங்கு 400. வேலையில் அடிபட்டால் கொடுப்பதற்கென்று இன்னொரு 10 பேசோ, அதையும் முதலாளியே கட்ட வேண்டும். போன வருஷம் 14 சதவீதம் என்பதால் மாதம் 1,120. பதின்மூன்று மாத பாக்கியைக் கூட்டினால் 15,250 பேசோ. அதன் மேல் மாதத்துக்கு 2 சதவீதம் அபராதம். வீட்டு முதலாளி என்று என் பேரைப் பதிந்து மொத்தத்தையும் கட்டிவிட்டேன். அவள் பங்கையும் நானே போட்டேன், அவளிடம் பழைய காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகஸ்ட் மாதத்துக்கும் கட்டியாயிற்று. இப்போது அவள் கணக்கில் 55 மாதம்.

பாக்கியைக் கட்டினாலும் ஆபரேஷனுக்கு அது உதவவில்லை. வேலை செய்ய முடியாமல் படுத்த நாட்களுக்கு எஸ்.எஸ்.எஸ். கொடுக்கும் நோய்ப்படியை வாங்க, படுத்த அரையாண்டுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாதமாவது சந்தா விழுந்திருக்க வேண்டும், அதுவும் படுப்பதற்கு முன்னாலேயே. படுத்த பிறகு ஓடிப்போய்க் கட்டினால் அந்த நோய்க்குக் கணக்கில்லை. நான் ஒழுங்காகக் கட்டியிருந்தால் நாளுக்கு 240 பேசோ வீதம் 21 நாளுக்கு 5,040 பேசோ வந்திருக்கும். அதைக் கையிலிருந்து கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தாள். இது தானம் இல்லை, உனக்கு வர வேண்டியதை நான்தான் கெடுத்தேன் என்று சொல்லித்தான் வாங்க வைத்தேன்.

என் பாவத்துக்குப் பணம் கட்டிக் கரையேறிவிட்டேன் என்று வைத்துக்கொள். அந்த 103 மாதம்தான் தொண்டையில் நிற்கிறது. மாதப் பென்ஷன் வாங்க 120 மாதச் சந்தா வேண்டும். அதில் குறைந்தால் கட்டியதை வட்டியோடு ஒரே தொகையாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கரிந்தேரியா கட்டியிருந்தால் ஆத்தே இன்றைக்கே 158ல் இருந்திருப்பாள். இனிமேல் விட்டுப்போன மாதங்களை நானே கட்டிக்கொள்கிறேன் என்று அவள் போய் நின்றாலும் வாங்கமாட்டார்கள். தொழிலாளி பின்னோக்கிக் கட்ட முடியாது. முதலாளிதான் கட்ட வேண்டும், அபராதத்தோடு.

ராத்திரி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். இன்னும் 65 மாதம் வேண்டும். இந்தச் செப்டம்பரிலிருந்து ஒரு மாதமும் விடாமல் கட்டினால் 2031 ஜனவரியில் 120 ஆகும். அந்த மார்ச்சில் அவளுக்கு 60 வயது. ஓய்வு பெறும் அரையாண்டில் கட்டுவது எண்ணிக்கையில் சேராது என்பதால் ஜூலை வரை பொறுத்து விண்ணப்பித்தால் சரியாக வரும். இடையில் தவறினால் தாங்குவது இரண்டு மாதம்தான். அப்படி வந்தால் 8,000ல் 40 சதவீதம் 3,200, அதோடு 2017 முதல் எல்லாப் பென்ஷன்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் 1,000, ஆக மாதம் 4,200 பேசோ, டிசம்பரில் இன்னொரு மாதப் பென்ஷன். பெரிய காசில்லைதான். ஆனால் யார் கையையும் பார்க்காமல் அரிசி வாங்கலாம், கோமதி. நம் அம்மாக்களுக்கு அது வாய்க்கவில்லை என்பதை நீயும் நானும் பார்த்தோம்.

இவருடைய வேலை ஒப்பந்தம் 2027ல் முடிகிறது. நாங்கள் ஊர் திரும்பிவிட்டால் அவளுக்குப் புது வீடு வேண்டும். அந்த வீட்டுக்காரி கட்டுவாளா? கட்டாவிட்டால் ஆத்தே தானாகச் சந்தா கட்டும் உறுப்பினராக மாறி 15 சதவீதத்தையும் தானே போட வேண்டும். 5,000 படியில் வைத்தாலும் மாதம் 750. அவள் மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் இருப்பவர்களும் இரண்டு பங்கையும் தாங்களே சேர்த்துக் கட்டுகிறார்கள், 8,000 படிக்குக் கீழே போகவும் முடியாது, மாதம் 1,200. அந்தப் பெண் தன் சந்தாவையே ஒன்பது மாதத்துக்குச் சேர்த்து டிசம்பர் கடைசியில் மூச்சுப் பிடித்துக் கட்டுகிறாள். அவளிடம் அம்மாவுக்கும் கட்டு என்று எப்படிச் சொல்வது? நான் ஊரிலிருந்து மாதாமாதம் அனுப்புவதாக இவரிடம் சொல்லிவிட்டேன். இவரும் சரி என்றார். ஆனால் 103 மாதமும் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. முதலாளி கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை போகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பிடித்த பணத்தை முப்பது நாளுக்குள் கட்டாவிட்டால் கையாடல் செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், ஜெயில் வரைக்கும் போகும். பாக்கி கேட்க 20 வருஷம் அவகாசம். சாட்சிக்கும் குறைவில்லை. சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள். தரையில் பரப்பி மாதம் வாரியாக அடுக்கினோம். 131 சீட்டு இருக்கிறது. சிலது மீன் குழம்பு பட்டு மஞ்சளாகி இருக்கிறது, எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஆத்தேதான் வேண்டாம் என்கிறாள். கடைக்கார அம்மா அந்த ஹாங்காங் மகளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியவள். இந்த ஊரில் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் குமாரே என்று கூப்பிடுவார்கள், சம்பந்தி உறவை விடக் கனமானது. ஆத்தேயின் புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்ததும் அந்த அம்மாதான். "அவள் மேல் புகார் எழுதினால் கோவிலில் எந்த வரிசையில் உட்காருவேன்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சவப்பெட்டிக் காசு உன் கல்தாஸிலிருந்தே வந்திருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான் வெளியூர்க்காரி, இன்னும் இரண்டு வருஷத்தில் போய்விடுவேன். இந்தத் தெருவில் இருக்கப்போகிறவள் அவள்.

ஆனாலும் விட மனசில்லை. அந்தக் கடையில் இப்போதும் ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் சீட்டு வருகிறது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். 1998ல் உங்கள் மில்லில் ஸ்பின்னிங் பெண்கள் முப்பது பேரைக் கையெழுத்துப் போட வைத்தாயே, அதில் பாதிப் பேர் மேஸ்திரிக்குச் சொந்தக்காரர்கள். முதல் கையெழுத்தை யாரிடம் வாங்கினாய்? என்ன சொல்லி வாங்கினாய்? சட்டம் பேசினாயா, வேறு ஏதாவதா? கல்யாண வீட்டில் நீ இதைச் சொன்னபோது நான் ஜடை பின்னிக்கொண்டே அரைகுறையாகக் கேட்டேன். இப்போது முழுசாக எழுது. புகார் எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் நேரே போய், பட்டியலையும் சீட்டுகளையும் முன்னால் வைத்து, நீங்களே போய்த் தவணையாகக் கட்டிவிடுங்கள் என்று கேட்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. கூட நான் போவதா, பாதிரியாரைக் கூட்டிப் போவதா? நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?

வெள்ளிக்கிழமை காலை எஸ்.எஸ்.எஸ். கிளை அலுவலகம் போகிறோம். புகார் இல்லை, சும்மா கேட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். டப்பாவைக் கொண்டு வரமாட்டேன் என்றாள். இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் சணலை அவிழ்த்துவிட்டுப் புது ரிப்பன் கட்டி அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாள். வியாழனுக்குள் எழுது. நீளமாக எழுத முடியாவிட்டால் போனில் பேசு, நம் ஊர் நேரம் காலை ஆறரைக்குள் என்றால் அவள் சந்தைக்குப் போயிருப்பாள், மனம் விட்டுப் பேசலாம்.

உன்,
தெய்வானை