எய்யாகுரியா நடத்திய பல்கலைக்கழகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல் சல்வடோர் நாட்டில் 1989 நவம்பர் 16 அன்று ஆறு இயேசு சபைக் குருக்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவுகூர்ந்து தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த இக்னாசியோ எய்யாகுரியா எப்படிக் கொல்லப்பட்டார் என்பதை விரிவாகச் சொன்ன கட்டுரை, 1979 முதல் அந்நிறுவனத்தை அவர் எப்படி நடத்தினார் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. அவரைக் கொல்ல வேண்டும் என்று ராணுவத் தலைமை நினைத்ததற்கான காரணம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1930இல் பிறந்த அவர், துறவுப் பயிற்சிக் காலத்திலேயே எல் சல்வடோருக்கு அனுப்பப்பட்டார். பின்னர் இன்ஸ்ப்ரூக்கில் இறையியலும் மத்ரிதில் மெய்யியலும் பயின்று, 1967இல் எல் சல்வடோருக்கே திரும்பிவந்தார். மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் வசதி படைத்த கத்தோலிக்கக் குடும்பங்களின் ஆதரவோடு 1965இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வெளியான ஆய்விதழில், நிலவுடைமையாளர்களுக்கு அஞ்சி அரசு நிலச் சீர்திருத்தத்தைக் கைவிட்டதைக் கண்டித்து 1976இல் அவர் தலையங்கம் எழுதினார். அதன் விளைவாக அரசு மானியம் நின்றது. வளாகத்தில் குண்டுகள் வெடித்தன.

ஒரு நாட்டின் உண்மை நிலையே அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பாடம் என்பது அவர் கொள்கை. 1982இல் அமெரிக்காவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோதும் இதையே வலியுறுத்தினார்: ஏழைகளின் பக்கம் நிற்பது கல்வித் தரத்தைக் கைவிடுவதாகாது, குரலற்றவர்களுக்குக் குரலாக இருக்க வேண்டுமானால் ஆய்வு இன்னும் கூர்மையாக வேண்டும் என்பதே அவர் வாதம். நம் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட பேச்சுக்குக் குறைவில்லை. அவர் அதைத் துறைகளாகவும் ஆய்வு மையங்களாகவும் மாற்றிக் காட்டினார். உள்நாட்டுப் போரின் நடுவே, மக்கள் வாய்திறக்கவே அஞ்சிய காலத்தில், சமூக உளவியலாளர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ 1986இல் கருத்துக் கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அரசும் அதை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரிக் கெரில்லாக்களும் தத்தம் பக்கமே மக்கள் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரும்பாலோர் விரும்புவது பேச்சுவார்த்தையைத்தான் என்று அக்கணிப்புகள் எண்களோடு காட்டின. மனித உரிமை நிறுவனத்தை நடத்திய சமூகவியலாளர் செகுந்தோ மோந்தெஸ், போரால் இடம்பெயர்ந்தோரையும் அமெரிக்காவுக்கு அகதிகளாகச் சென்றோரையும் பற்றி ஆராய்ந்தார். இவ்விருவரும் எய்யாகுரியாவோடு அதே இரவில் கொல்லப்பட்டவர்கள்.

அவரை இடதுசாரிப் போராளியாக மட்டும் சித்திரிப்பதும் சரியன்று. ராணுவ வெற்றி எத்தரப்புக்கும் சாத்தியமில்லை என்று அவர் விடாமல் சொன்னதால் கெரில்லாக்களுக்கும் அவர்மீது கசப்பு இருந்தது. ஆயினும், 1985இல் அதிபர் துவார்த்தேயின் மகளைக் கெரில்லாக்கள் கடத்தியபோது, அவளை மீட்கும் பேச்சுவார்த்தையில் பேராயர் ரிவேரா இ தாமாஸோடு அவரும் நடுவராக இருந்தார். பழகுவதற்கு எளியவர் அல்லர், சற்றே இறுமாப்புள்ளவர் என்று உடன் பணியாற்றியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவரை மாசற்ற புனிதராக்காமல் இதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கட்டுரையில் விடுபட்ட வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். அந்த இரவில் இறந்தவர்கள் அறுவர் அல்லர், எண்மர். பாதுகாப்புக் கருதிப் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கியிருந்த சமையற்காரர் எல்பா ராமோஸையும் அவருடைய பதின்பருவ மகள் செலினாவையும், சாட்சி எதுவும் எஞ்சக்கூடாது என்பதற்காக ராணுவத்தின் அட்லகாட்ல் படைப்பிரிவினர் சுட்டுக்கொன்றனர். இந்தப் படுகொலைக்காக எல் சல்வடோர் ராணுவத்தின் முன்னாள் கர்னல் இனோசெந்தே மொந்தானோவுக்கு ஸ்பெயின் நீதிமன்றம் 2020இல் 133 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு ஸ்பெயினில் பிறந்த ஐந்து குருக்களின் கொலைக்கு மட்டுமே உரியது. தாயும் மகளும் அக்கணக்கில் வரவில்லை.

போர்க்காலத்தில் அக்கருத்துக் கணிப்புகள் எவ்வாறு நடத்தப்பட்டன, அவற்றின் முடிவுகளை ஒரு பல்கலைக்கழகம் எத்துணிவில் வெளியிட்டது என்பவை பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை