ஆடி மழையில் ஒரு ஸ்லெப்

நோர்வூட்,
ஆடி மாதம்.

அன்புள்ள மச்சான்,

"ஆடி மாசத்துல எவனாவது ஸ்லெப் போடுவானா?" என்று நீ ஏசி எழுதிய கடிதம் கிடைத்தது. அதற்குள் போட்டாயிற்று. குசினிக்கும் பாத்ரூமுக்கும் மேலே கூரையாக, 5 அங்குலத் தடிப்பில் கொங்கிரீட் தட்டு. இன்னும் பலகை கழற்றவில்லை. மேசன் பாஸும் நானும் இன்னும் முகம் பார்த்துப் பேசுகிறோம் என்பதே பெரிய காரியம்.

தை வரைக்கும் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் கலவையைத் தாங்கும் பலகையும் அதற்குக் கீழே நிற்கும் முட்டும் நாள் வாடகைக்கு வந்தவை. கட்டி முடித்த கம்பி நனைந்து நனைந்து செந்நிறமாகிக்கொண்டிருந்தது. அதோடு தங்கச்சி கொழும்பிலிருந்து அனுப்பிய காசு. நம்ம வீட்டில் காசு சும்மா கிடந்தால் ஏதாவது ஒரு சடங்கு அதைத் தேடிக்கொண்டு வந்துவிடும், உனக்குத் தெரியாததா.

வன்னிக்குப் போனபிறகு நம்ம பக்கத்து மழை உனக்கு மறந்திருக்கும். ஐப்பசி மழையோடு ஓரளவு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். காலையில் வெயில் காட்டும், பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். விடியற்காலையில் மெஷினை ஸ்டார்ட் பண்ணினால் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆடி மழை அப்படியில்லை. காற்றோடு தூவும், நிற்கும், சரி விட்டது என்று பொலித்தீனைச் சுருட்டும்போது மறுபடி தூவும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் தென்மேற்குக் காற்று கொண்டுவருவதுதான். இதே நாட்களில் பண்டாரவளை மாமா வீட்டு வாசலில் தூசி பறக்கிறது. மலையின் மறுபக்கம் அது. "அங்க இன்னும் வெயில் வரலியா?" என்று போனில் கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார்.

விசயத்துக்கு வருகிறேன். எல்லாரும் மேலேயிருந்து விழுகிற மழைக்குப் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் மணலுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட மழைக்கு. வானத்து மழையைத் தறப்பாள் கட்டி மறைக்கலாம். மணலில் இருப்பது யார் கண்ணிலும் படாமல் மிக்சருக்குள் போய்விடும்.

கணக்குப் பார். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. 1:2:4 கலவை என்றால் பைக்கு இரண்டரை கன அடி மணல், ஐந்து கன அடி முக்கால் அங்குலக் கல். அந்த மணல் காய்ந்த நிலையில் 100 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். மழையில் கிடந்த மணலில் நூற்றுக்கு 5 பங்கு ஈரம் இருப்பது சர்வசாதாரணம். அதுவே 5 லீட்டர். கல்லில் ஒட்டியிருப்பது இன்னும் ஒன்றிரண்டு லீட்டர். பைக்கு மொத்தமே 25 லீட்டர் சொச்சம் தண்ணீர் போதும் என்கிற இடத்தில், வாளியைத் தொடுவதற்கு முன்பே கால்வாசி உள்ளே போயாயிற்று. அதற்கு மேல் வழக்கமான வாளிக் கணக்கில் ஊற்றினால் கஞ்சிதான் வரும். சீமெந்தின் எடையில் பாதி இருக்கவேண்டிய தண்ணீர் 0.7 பங்குக்கு ஏறினால், கொங்கிரீட்டின் பலத்தில் மூன்றில் ஒரு பங்களவு போய்விடும். அன்றைக்கு அது தெரியாது. கலவை அழகாக ஓடும், பாஸுக்குக் கை நோகாது, வீட்டுக்காரனும் வேலை சீக்கிரம் முடிகிறது என்று பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பான்.

மணலில் இன்னொரு கூத்தும் உண்டு. இலேசாக நனைந்த மணல் உப்பும். ஒவ்வொரு பருக்கையைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் ஒட்டி, பருக்கைகளை நெருங்கவிடாமல் தள்ளி வைக்கிறது. காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரைக்கும் கூடுதல் இடத்தை அடைக்கும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் பழைய அளவுக்கே படிந்துவிடும். நேரான கிளாஸ் ஒன்றில் ஈர மணலைத் தளர்வாகப் போட்டு, மட்டத்தைக் கோடு போட்டு வைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிடு; எவ்வளவு இறங்குகிறது என்று நீயே பார்க்கலாம். பெட்டியால் அளக்கிறவன் இதைக் கவனிக்காவிட்டால் மணல் குறைந்து கல் மிஞ்சும். ஸ்லெப்பின் அடியில் ஓட்டை ஓட்டையாகக் கல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கியூபுக்கு நூறு கன அடி என்று டிப்பரில் வாங்குகிறோமே, அதிலும் மழைக்காலத்தில் கொஞ்சம் காற்றுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

கிளாஸைக் காட்டியதும் பாஸ் சிரித்தார். "கட்டார்ல படிச்சத எல்லாம் இங்க இறக்கிறீங்களா?" அங்கே சைட்டில் நின்ற காலத்தில் வெயில் தாங்காமல் கலவைக்கு ஐஸ் போட்டோம், அதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் மணலை மூடி வைக்கச் சொன்னதும் மூடினார், பெட்டிக்கு மேல் கூடுதலாக மணல் போடச் சொன்னதும் போட்டார், முதல் கலவையைத் தகரத்தில் கொட்டிப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்ததற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "மழை மாசத்துல கொங்கிரீட் நிக்காது" என்று மட்டும் இடைக்கிடை சொல்லிக்கொண்டே இருந்தார். 1960களில் இதே மழைப் பக்கத்தில் காசல்ரீ அணையைக் கட்டினவர்கள் எந்த வெயிலுக்குக் காத்திருந்தார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

சண்டை வந்தது வேறு இடத்தில். பாதிக்கு மேல் போட்டிருக்கும்போது காற்று தறப்பாளின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டது. அந்த மூலையில் மழை விழுந்து மேலே நின்ற சீமெந்துப் பால் கழுவுண்டு மணல் தெரிந்தது. பாஸ் பையைக் கிழித்து வெறும் சீமெந்தைத் தூவப் போனார். ஊரெல்லாம் செய்கிற வேலைதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் தூவின சீமெந்து மேலே ஒரு மெல்லிய தோலாக நிற்கும், கீழே உள்ளதோடு சேராது. காய்ந்தபின் பொரிந்து மாவாக உதிரும். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். தண்ணீரை ஒதுக்கி, கழுவுண்ட மேல்பகுதியை வழித்துக் கொட்டிவிட்டு, புதுக் கலவை வைத்துத் தட்டினோம். ஒன்றரைத் தாச்சிக் கலவை நட்டம். அதற்கு அவர் முகத்தை ஒரு மணித்தியாலம் தூக்கி வைத்திருந்தார்.

மழை வலுத்திருந்தால் நிறுத்துவதென்று முன்கூட்டியே இடமும் பார்த்து வைத்திருந்தேன். சுவரோரத்தில் நிறுத்தக்கூடாது, இரண்டு சுவருக்கும் நடுப்பகுதியில், பலகை வைத்து நேராக வெட்டி நிறுத்தவேண்டும். அடுத்த நாள் கொத்தி, கழுவி, சீமெந்துப் பால் பூசித் தொடரலாம். நல்லவேளை, தேவைப்படவில்லை.

முதல் ஐந்தாறு மணித்தியாலம்தான் கண்டம். இறுகியபிறகு பெய்கிற மழை கூலி கேட்காத வேலைக்காரன். நீங்கள் அங்கே கொங்கிரீட் காய்ந்துவிடாமல் இருக்க வரம்பு கட்டி, தண்ணீர் தேக்கி, காலையும் மாலையும் காவல் இருக்கிறீர்கள். எனக்கு அந்த வேலையை வானம் செய்கிறது. ஆனால் இந்தக் குளிரில் கொங்கிரீட் சோம்பேறி. இரவுக் குளிரில் பலம் ஏறுவது மந்தம். அதனால் 14 நாளில் முட்டெடுக்கலாம் என்று பாஸ் சொன்னதற்கு நான் 21 என்று நிற்கிறேன். கூடுதல் வாடகை போகட்டும்.

பின்பக்க மண்மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் கவலை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயலையும் பார்த்தபிறகு யாருக்குத்தான் மேட்டடியில் நிம்மதியாகத் தூக்கம் வரும்? ஸ்லெப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மண் சரிந்து வந்தால் அது தாங்காது. மேட்டுக்கு மேலே கான் வெட்டி, லயத்துப் பக்கமிருந்து வருகிற தண்ணீரைத் திருப்பிவிட்டேன். அணைச்சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைத்து, பின்னால் கல் நிரப்பியிருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், வந்து பார்த்துச் சொல்லட்டும். மேட்டில் புது வெடிப்போ, சேற்றுத் தண்ணீர் ஊற்றோ கண்டால் வீட்டை விட்டு இறங்குவது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி நீ கட்டப்போகிற தண்ணீர்த் தொட்டி. நடுப்பகலில் போடாதே, விடியற்காலையில் தொடங்கு. பலகையை முதலிலேயே நனைத்து வை. போட்டபின் ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமையாவது காயவிடாதே. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர்காரனிடம் அதை எங்கே எடுத்தது என்று கேள். உவர்த் தண்ணீர் உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும். வாயில் வைத்துக் குடிக்க முடிகிற தண்ணீர் என்றால் ஊற்று.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். பலகை கழற்றியதும் ஸ்லெப்பின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஓட்டை இருந்தால் எண்ணிப் பார்த்து ஏசி எழுது.

அன்புடன்,
உன் மச்சான்